வியாழக்கிழமைப் பையில் ஒன்று கூடுதல்

ஆகஸ்ட் 7, வியாழன், மாலை 6.40

அக்கா,

இன்று உன் தபால் பையில் கட்டியிருந்த சீட்டு 31 கடிதம் என்கிறது. இயந்திரம் 32 என்கிறது. இயந்திரத்தைக் குறை சொல்லாதே. நேற்றுத்தான் அதைப் பிரித்துத் துடைத்து மாட்டினேன்.

முதல் தடவை என்றால் எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒன்று கூடுதலாக வருகிறது. மற்ற நாள்களில் சீட்டும் பையும் ஒத்துப்போகின்றன. வியாழக்கிழமை மட்டும் உனக்கு என்ன ஆகிறது? தூக்கமா, சந்தையா, கண்ணாடி மாற்ற வேண்டுமா?

இங்கே என் வேலை என்னவென்று நீ ஒரு தடவையும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். நூற்றுச்சொச்சம் கிராமத்துத் தபாலாபீஸ்களின் பைகள் மாலையில் இந்தக் கூடத்தில் வந்து கொட்டுகின்றன. இயந்திரம் எண்ணிப் பிரிக்கிறது. அது நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்வதும், சீட்டோடு ஒத்துப்போகாத ஆபீஸ்களின் பட்டியலை வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரியின் மேசையில் வைப்பதும் என் வேலை. அந்தப் பட்டியலில் உன் ஆபீஸ், அதாவது நம் வீட்டு விலாசம், வாராவாரம் இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரன், “உங்க அக்கா ஆபீஸ்தானே, விட்டுடுப்பா” என்றான். விடவில்லை. அக்கா என்று நான் விட்டால், மாமியார் என்று நாளைக்கு அவன் விடுவான்.

சின்ன ஆபீஸ்களை மூடப்போகிறார்கள். எதை மூடுவது என்று பார்க்கும்போது தபால் குறைவு ஒரு காரணம், கணக்கு ஒத்துவராதது இன்னொரு காரணம். உன்னிடம் இரண்டும் இருக்கின்றன. மூடினால் எனக்கு வருத்தமில்லை என்பது உனக்குத் தெரியும். அப்பா இறந்த மறுவாரமே அதைத்தான் சொன்னேன்: மூடு, வீட்டை விற்போம், நகரத்துக்கு வா என்று. நீ போனை வைத்தாய். இரண்டு வருஷமாக எடுக்கவில்லை. போகட்டும். ஆனால் எண்ணத் தெரியாததால் மூடினார்கள் என்று இருக்கக் கூடாது.

இரண்டு தடவை எண்ணு. போனை எடு.

தம்பி

*

ஆகஸ்ட் 14, வியாழன்

திருப்புளிக்கு,

பெயரை மாற்றச் சொல்லிப் போன வருஷமே எழுதினாய். மாற்றப் போவதில்லை. ஒன்பது வயதில் ஆபீஸ் தராசைக் கழற்றி, திரும்ப மாட்டி, மிச்சமான ஸ்பிரிங் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “இது தேவையில்லாத பாகம்பா” என்று அப்பாவிடம் சொன்னவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அன்றைக்கு எல்லாருடைய பார்சலும் எடை குறைந்துபோய், ஊரே உன்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது நினைவிருக்கிறதா?

என் எண்ணிக்கை சரி. அப்பா எண்ணியபடிதான் எண்ணுகிறேன். அப்பா அவருடைய அப்பா எண்ணியபடி எண்ணினார். நீ பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால், அது உன் இயந்திரம் எண்ணிய கால். வாராவாரம் பட்டியலில் போடுகிறாயா, போடு. உன் வேலை அது.

போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்காமல் கேட்கிறாய். போனில் நீ பேசுவாய், நான் “ம்” போட வேண்டும். கடிதத்தில் உனக்கும் எனக்கும் ஒரே அளவு இடம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர்கள் ஒவ்வொரு ஆபீஸின் வரலாற்றையும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். படித்துவிட்டு மூடுவார்கள் போலிருக்கிறது. நான் எழுதியது இவ்வளவு, சரிபார்த்துச் சொல்.

“எங்கள் கொள்ளுத்தாத்தா பூட்டு ரிப்பேர் செய்கிறவர். தபாலாபீஸ் வைக்க ஊரில் பூட்டுப் போடக்கூடிய ஓர் அறை யாரிடம் இருக்கிறது என்று அதிகாரி கேட்டபோது, இவர் வீட்டில் எல்லா அறைக்கும் பூட்டு இருந்தது. தெருப்பக்கச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள். அதுதான் இன்றும் கவுண்டர். அவர் மகன் காலத்தில் வெள்ளம் வந்தபோது, முதல் நடையில் தபால் பையைக் கூரைமேல் ஏற்றினார், இரண்டாவது நடையில் மனைவியை ஏற்றினார். பை நனையவில்லை. அவர் மகன், எங்கள் அப்பா, முப்பத்துநான்கு வருஷம் ஆபீஸை ஒரு நாள்கூட மூடவில்லை. இப்போது நான் நடத்துகிறேன்.”

அந்த முன்னறை உள்ள வீட்டில் குடியிருக்கிறவருக்குத்தான் வேலை, வீட்டைவிட்டுப் போனால் வேலையும் போகும் என்ற விதியை எழுதவில்லை. எழுதினால், அதனால் தட்டிப்போன இரண்டு கல்யாணப் பேச்சையும் எழுத வேண்டிவரும். ஒரு பக்கம் போதாது.

மூடினால் நான் என்ன செய்வேன் என்று கவலைப்படாதே. யோசித்து வைத்திருக்கிறேன். சமையலறைத் தாழ்வாரம் ஒழுகுகிறது. கோழி இரண்டு காணோம்.

அக்கா

*

ஆகஸ்ட் 18, திங்கள்

அக்கா,

வரலாறு படித்தேன். பூட்டு இருக்கிறது, பை இருக்கிறது, கூரை இருக்கிறது. அம்மா எங்கே?

இருபத்திரண்டு வருஷம் ஊர் முழுக்க நடந்து கடிதம் கொடுத்தது யார்? அப்பா ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து முத்திரை குத்தினார். வாய்க்கால் தாண்டி, நாய் தாண்டி, கடன்காரன் கடிதத்தைக் கொடுத்து வசவு வாங்கி வந்தது அம்மா. இலாகாவின் பெயர்ப் பட்டியலில் அவள் ஒரு நாளும் இல்லை. அதை நீயும் எழுதவில்லையென்றால் வேறு யார் எழுதுவார்கள்?

“ஒரு நாள்கூட மூடவில்லை” என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த ஒரு நாளில் அம்மா இறந்த நாளும் உண்டு. நான் படித்துக்கொண்டிருந்த விடுதி வராந்தாவில் நின்று, முத்திரை குத்திய உறையைக் கிழித்து, அம்மா போய்விட்டாள் என்று படித்தேன். தபாலில்! வீட்டில் போன் இருந்தது. விடுதியில் போன் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. அப்பா யாருக்கோ ஸ்டாம்ப் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்றார். உலகத்தில் வேறு எந்தக் குடும்பமாவது இந்தத் தப்பைச் செய்யுமா?

இதையும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுது.

இன்னொன்று. பக்கத்து சீட்டுக்காரன் சொன்னான்: “மூடப்போற ஆபீஸ்காரங்க எல்லாம் சொந்தக்காரங்களுக்குத் தாங்களே கடிதம் எழுதிப் போட்டு எண்ணிக்கையை ஏத்துறாங்கப்பா. உங்க அக்கா வாரம் ஒண்ணு எழுதுறாங்களே, எதுக்குன்னு நினைச்சே?” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோழி காணோம், கூரை ஒழுகுகிறது என்று வாரம் தவறாமல் ஒருத்தி ஏன் எழுத வேண்டும் என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். இப்போது புரிகிறது. எனக்காக எழுதவில்லை, எண்ணிக்கைக்காக எழுதுகிறாய். அப்பாவின் பெண்தானே நீ.

அப்படியென்றால் நேராகச் சொல்லிவிடு. நான் ஐம்பது வெற்று உறை வாங்கி அனுப்புகிறேன். கோழியை விட்டுவிடலாம்.

தம்பி

*

ஆகஸ்ட் 21, வியாழன்

தம்பிக்கு,

அம்மாவைச் சேர்த்துவிட்டேன். நீ சொன்னது சரி. எழுதப் போனால் அவளுக்கே அரைப் பக்கம் ஆயிற்று. மழையில் தன் முந்தானையைக் கடிதக் கட்டுக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்து வருவாள். படிக்கத் தெரியாத வீடுகளில் படித்துக் காட்டுவாள். சாவுச் செய்தி என்றால் முதலில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் பிரிப்பாள். இடம் போதாமல் வெள்ளத்தை எடுத்துவிட்டேன்.

போன் செய்யாதது தப்புதான். “தம்பிக்குப் போன் பண்ணுங்கப்பா” என்று நான் சொன்னேன். “போன்ல எப்படிம்மா சொல்றது? எழுதிட்டேன். நாளைக்குக் கிடைச்சிடும்” என்றார். விலாசத்தைத் தப்பாக எழுதி இரண்டு உறையை வீணாக்கினார். அவருக்கு வாய் என்று இருந்தது அது ஒன்றுதான். நானே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அதை நீ சொல்லிக்காட்ட வேண்டியதில்லை, நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

வெற்று உறை அனுப்ப வேண்டாம்.

இனி வாராவாரம் தொல்லை இருக்காது.

அக்கா

*

செப்டம்பர் 6, சனி

அக்கா,

ஆகஸ்ட் 28, வியாழன்: சீட்டில் 26, இயந்திரத்தில் 26. ஒரு வழியாக எண்ணக் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். செப்டம்பர் 4, வியாழன்: 22, 22.

நான் படித்த படிப்பில் முதல் பாடம் ஒன்று உண்டு. பழுது தானாக வராது, தானாகப் போகவும் போகாது. போயிற்றென்றால் எதையோ எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். இரண்டு வாரமாக எது இல்லை என்று யோசித்தேன். போன சனிக்கிழமை என் கதவடியில் உறை இல்லை.

அலமாரியிலிருந்து உன் கடிதங்கள் அத்தனையையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், சிலவற்றைப் பிரித்திருக்கவே இல்லை. முத்திரையில் இருந்த தேதிகளை என் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். எல்லாம் வியாழக்கிழமை. பட்டியலில் நம் வீட்டு விலாசம் இருந்த எந்த வியாழனும் தப்பவில்லை. கூடுதலாக வந்த அந்த ஒன்று, எனக்கு நீ எழுதியது. அதை நீ எண்ணவே இல்லை.

எண்ணிக்கையை ஏற்ற எழுதுகிறாய் என்றேன். உன் பையில் எண்ணிக்கையில் சேராத ஒரே கடிதம் அதுதான். நான் எழுதியது தப்பு. வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. தப்பு.

ஏன் எண்ணவில்லை, ஏன் சொல்லவில்லை என்பதெல்லாம் நீ எழுது. அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். நேற்றுக் காலை மேலதிகாரிக்கு விளக்கமாக ஒரு கடிதம் கொடுத்தேன். இந்த ஆபீஸில் கவனக்குறைவு எதுவும் இல்லை, நடத்துகிறவர் தன் சொந்தக் கடிதத்தைத் தெரிந்தே கணக்கில் சேர்ப்பதில்லை, மற்றபடி ஒரு பிழை கிடையாது, பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று. தேதிகளை வரிசையாகப் போட்டிருக்கிறேன். இனி உன்னை எண்ணத் தெரியாதவள் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்று சனிக்கிழமை. மூன்று தடவை கதவைத் திறந்து பார்த்தேன்.

தம்பி

*

செப்டம்பர் 11, வியாழன்

திருப்புளிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் கிடைத்தது. ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை காலையே வந்துவிட்டார். நம் வீட்டுக்கு முக்கியமான செய்தி மட்டும் எப்போதும் அரை நாள் பிந்தித்தான் வரும்.

நல்ல பிள்ளை அவர். உன் வயதுதான் இருக்கும். வியர்த்து வழிந்தது, தண்ணீர் கொடுத்தேன். உன் விளக்கத்தைக் கையில் வைத்திருந்தார்.

“உங்க சொந்தக் கடிதத்தைக் கணக்குல சேர்க்கறதில்லையாமே, நிஜமாங்க?”

“ஆமாங்க.”

“எத்தனை நாளா?”

“எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து.”

பேனாவை மூடி வைத்துவிட்டார். “அம்மா, கவனக்குறைவுன்னு இருந்தா நான் ஒண்ணுமே பண்ணியிருக்க மாட்டேன். கண்ணு சரியில்ல, வேலை ஜாஸ்தின்னு எதையாவது எழுதிட்டுப் போயிருப்பேன். தெரிஞ்சே விட்டீங்கன்னா அது வேறங்க. கணக்குல வராத தபால்னு ஆயிடும்.”

“ஒவ்வொண்ணுக்கும் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டியிருக்கேனே தம்பி.”

“ஒட்டியிருக்கீங்க. எண்ணலையே.”

சரிதானே. போகும்போது, “நான் வந்திருக்கவே வேண்டாம்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஏன் எண்ணவில்லை என்று கேட்டாய். உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்பா உன்னை மேசைக்கு அந்தப் பக்கம் வரவே விட்டதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. “இவன் படிக்கட்டும்” என்று துரத்துவார். உள்ளே உட்காரவைத்தது என்னைத்தான்.

ஆபீஸ் திறந்த முதல் வருஷம் எதிர்வீட்டுக்காரருக்கும் அது வேண்டியிருந்தது. அவர் வீட்டில் பூட்டு இல்லை. வயிற்றெரிச்சலில் ஊரெல்லாம் சொன்னாராம்: “தானே எழுதுறான், தானே போடுறான், தானே எண்ணிக்கிறான். அப்படித்தான் அவன் ஆபீஸ் ஓடுது.” கொள்ளுத்தாத்தா சண்டைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து வீட்டுக் கடிதத்துக்குக் கடைசியாக முத்திரை, பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது, சீட்டில் எழுதாமல் விடுவது. “நம்ம கடிதம் பையில போகும், கணக்குல போகாது.” அப்பா எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இது. முத்திரை குத்துவதைக்கூட மறுநாள்தான் சொல்லிக்கொடுத்தார். அப்போதெல்லாம் அங்கே கையால் எண்ணுவார்கள், ஒன்று இரண்டு கூடினால் யாரும் பொருட்படுத்தவில்லை. உன் இயந்திரம் வந்தபிறகுதான் அது தப்பாயிற்று.

எதிர்வீட்டுக்காரர் சொன்னதையே நாலு தலைமுறை கழித்து நீ எழுதினாய். வேறு யார் சொல்லியிருந்தாலும், “கணக்கைப் பார்” என்று சீட்டை முகத்தில் விட்டெறிந்திருப்பேன். உனக்கு எழுதுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஏன் வியாழக்கிழமை என்று நீ கேட்கவில்லை. நீ விடுதியில் இருந்தபோது அம்மா வைத்த ஏற்பாடு அது. வியாழன் போட்டால் சனிக்கிழமை கிடைக்கும், லீவு நாளில் பிள்ளை நிதானமாகப் படிப்பான் என்பாள். அவள் போனபின் நான் தொடர்ந்தேன்.

இப்போது கேள். இதைச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. மூடுகிற ஆபீஸ்காரர்களுக்கு டவுன் தபாலாபீஸில் கவுண்டர் வேலை தருவதாக ஜூலையிலேயே எனக்குக் கடிதம் வந்திருந்தது. அதனால்தான் மூடினால் கவலைப்படாதே என்று எழுதினேன். போய்ச் சேர்ந்தபிறகு உன்னிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், நீ “அப்பவே சொன்னேனே” என்பாய் என்ற பயம். அங்கே போனால் இந்த வீட்டில் குடியிருந்தே தீர வேண்டும் என்பதில்லை. டவுனில் ஓர் அறை பார்த்துவிட்டு வந்தேன். மாடியில், சின்னதுதான். ஜன்னல் தெருப்பக்கம் இல்லை. யாரும் வந்து தட்ட முடியாது. நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஓர் அறையைப் பார்த்து, இங்கே கட்டிலை எங்கே போடுவது என்று யோசித்தேன்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. செப்டம்பர் 25 மாலையோடு ஆபீஸ் மூடல். தெரிந்தே கணக்கில் சேர்க்காமல் விட்டதால் டவுன் வேலை கிடையாது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று அம்மா சொல்வாளே, அது.

நீ நல்லதுக்குத்தான் செய்தாய். தெரியும். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு தபால் தூரம்தானே.

அக்கா

*

செப்டம்பர் 15, திங்கள்

அக்கா,

இன்று காலை மேலதிகாரியின் அறைக்குப் போனேன். விளக்கத்தைத் திரும்பக் கொடுங்கள் என்றேன்.

“அது ஃபைலுக்குப் போயாச்சு.”

“சார், அது திருட்டு இல்ல. ஒரு பழக்கம். அவங்க ஒரு ஸ்டாம்ப்புக்குக்கூட ஏமாத்தலை.”

“நீதானேப்பா எழுதிக் குடுத்தே? ‘தெரிந்தே’ன்னு. அதுக்குக் கீழே கோடு வேற போட்டிருக்கே.”

போட்டிருந்தேன். அளவுகோல் வைத்துப் போட்டிருந்தேன். உன்னைக் கவனக்குறைவானவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று.

“அப்ப நான் எழுதினது தப்புன்னு எழுதித் தர்றேன் சார்.”

“எது தப்பு? தெரியாம விட்டாங்கன்னு எழுதுவியா? அதுக்கு அவங்களே ஒத்துக்கலையே. ஆய்வாளர் கேட்டதும் கொள்ளுத்தாத்தாவைக் கூப்பிட்டுட்டாங்களே.” அடுத்த ஃபைலை இழுத்துக்கொண்டே, “அக்கா மேல அக்கறை இருந்தா பட்டியலை மட்டும் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும் தம்பி. அந்தப் பட்டியலை எவன் பார்க்கிறான்?” என்றார்.

எவனும் பார்ப்பதில்லையாம். வாராவாரம் நான் கொடுத்த பட்டியல் ஒன்றுகூட அவர் மேசையைத் தாண்டிப் போகவில்லை. தபால் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நம் ஆபீஸ் மூடுகிற வரிசையில் இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் மூடியிருப்பார்கள், உனக்கு டவுன் வேலை கிடைத்திருக்கும். நான் கொடுத்ததில் அவர்கள் உட்கார்ந்து படித்த காகிதம் அந்த விளக்கம் ஒன்றுதான்.

இயந்திரத்தில் பழுதுக்குக் காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த நினைப்பில்தான் ஓடினேன். உன்னிடம் கேட்டுப் பதில் வர நாலைந்து நாள் ஆகும், அதுவரை பொறுக்க முடியவில்லை. இதற்குமேல் இதை விளக்கினால் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்வது போலிருக்கும்.

இங்கே என் அறையில் இரண்டு கட்டில் போட இடம் இருக்கிறது. வா என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் இடம் இருக்கிறது. நேற்று ஏழு தடவை கூப்பிட்டேன். போனை எடு. திட்டவாவது எடு.

தம்பி

*

செப்டம்பர் 25, வியாழன்

திருப்புளிக்கு,

மணி அடித்தது நீதான் என்று தெரியும். எடுத்திருந்தால் அழுதிருப்பேன், நீயும் அழுதிருப்பாய், கடைசியில் யார் யாரைத் தேற்றுவது? அதனால் எடுக்கவில்லை.

இன்று ஜன்னலுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஊரே திரண்டு வரும் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது போலிருக்கிறது, வெட்கம். பள்ளிக்கூட டீச்சர் வந்து நாலு ஸ்டாம்ப் வாங்கினார். தையல்காரர், “இனிமே டவுனுக்குப் போகணுமா? பஸ் செலவுக்குக் கடிதமே எழுத வேணாம்” என்றார். எதிர்வீட்டுக்காரரின் கொள்ளுப்பேரன் வந்து, “பாவம்க்கா” என்றான். அதுதான் சுருக்கென்றது. நாலு தலைமுறைக்குப் பிறகு அந்த வீடு ஜெயித்துவிட்டது, அது அவனுக்கே தெரியாது.

தராசு, முத்திரை, அரக்கு, பூட்டு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். முத்திரையைக் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தின் உறையில் குத்திவிட்டேன். கடைசி முத்திரை. தராசு இப்போதும் எடை குறைவாகத்தான் காட்டுகிறது, அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

பெயர்ப்பலகையை மட்டும் அவர்களால் எடுக்க முடியவில்லை. நாலு திருகும் துருப்பிடித்துச் சுவரோடு சுவராகிவிட்டன. வந்தவன் ஏணிமேல் நின்று மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, “யாரையாவது வெச்சுக் கழட்டி அனுப்பிடுங்க” என்று இறங்கிப் போய்விட்டான். எனவே ஆபீஸ் இல்லாத வீட்டில் ஆபீஸ் பலகை தொங்குகிறது. நாளைக்கும் யாராவது வந்து தட்டுவார்கள். நான் திறந்து இல்லை என்று சொல்ல வேண்டும். எத்தனை நாளைக்குச் சொல்வேனோ.

பை வண்டிக்காரர் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறார். சீட்டில் 18 என்று எழுதியிருக்கிறேன். இதை எண்ணவில்லை. கடைசி நாளில் எண்ணிவிட்டால் இத்தனை காலம் எண்ணாமல் விட்டது திருட்டு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். உன் பட்டியலில் போட்டுக்கொள்.

அக்கா

*

செப்டம்பர் 27, சனி

அக்கா,

செப்டம்பர் 25, வியாழன், மாலை 6.40. சீட்டில் 18. இயந்திரத்தில் 19.

அந்த நேரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஓட்டத்தை நிறுத்தித் தட்டிலிருந்து உன் உறையை எடுத்தேன். முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. என் பெயர், என் விலாசம், என் கையில். பிரிக்கவில்லை. கூடத்தில் இருக்கும்வரை எந்தக் கடிதமும் யாருடையதும் இல்லை என்பது விதி. திரும்ப வைத்து ஓட்டத்தைத் தொடங்கினேன். இன்று மதியம் கதவடியில் கிடைத்தது. நடுவில் இருந்த நேரம் எப்படிப் போயிற்று என்று எழுதத் தெரியவில்லை. பொறுமை இல்லாதவனுக்கு நல்ல தண்டனை.

பட்டியலில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எப்போதும் “எண்ணிக்கைப் பிழை” என்று போடுவேன். இந்தத் தடவை “அக்காவின் கடிதம்” என்று போட்டேன். பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். தன் வேலைக்குத் திரும்பினான்.

செய்யப்போவது:

1. திங்கள் காலை லீவு எழுதிக் கொடுப்பேன். எத்தனை நாள் என்ற இடத்தில் மிச்சம் இருப்பதையெல்லாம் போடுவேன்.

2. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன். நம் விலாசம் இனி எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும் என்று இயந்திரத்துக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுவும் என் வேலைதான், எனக்குக் கை வரவில்லை. கையிலேயே கொண்டுவந்து ஜன்னலில் தட்டுவேன். ஆபீஸ் இல்லை என்று என்னிடமும் சொல்.

3. துரு இளக்கும் எண்ணெயும் பெரிய திருப்புளியும் எடுத்து வருவேன். பலகையை நான் கழற்றுகிறேன். அதுவரை வேறு யாரையும் ஏணிமேல் ஏற்றாதே.

4. டவுனில் நீ பார்த்த அறை காலியாக இருக்கிறதா என்று உன்னோடு வந்து கேட்பேன். நீ வேண்டாம் என்றால் கேட்க மாட்டேன். வேலைக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேச மாட்டேன்.

5. திரும்பி வந்தபிறகு வியாழக்கிழமைதோறும் எழுதுவேன். நீ எங்கே இருந்தாலும் அங்கே.

6. போனை எடுக்க வேண்டாம்.

தம்பி